ஒரு விதையில் நாலு முளை

கோத்தகிரி
15-9-2024

அன்புத் தம்பி பகலவனுக்கு,

அக்கா யசோதரா எழுதுவது. ஜெய்பீம். நானும் என் மகள் மதியும் குளிருக்குப் பழகிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? மலர்க்கொடியின் முழங்கால் வலி குறைந்ததா? போனில் கேட்கலாம்தான். ஆனால் காதில் மாட்டியிருக்கும் மெஷின், போனைப் பக்கத்தில் கொண்டுபோனாலே கூவுகிறது. நீ பேசுவது பாதி, அது கூவுவது பாதி. காகிதத்தில் ஒரு சொல்லும் தப்பாது. இனி எனக்குக் கடிதமே போடு.

மதிக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை என்றால் பகலெல்லாம் தூங்குவாள். நான் வாசலில் நாற்காலி போட்டு எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே பீட்ரூட் போட்டிருக்கிறார்கள். பச்சை இலை, அதில் ஓடும் நரம்பு மட்டும் சிவப்பு. வகுப்பில் நோட்டுத் திருத்தி அடுக்கிவைத்த மாதிரி இருக்கிறது. எனக்கு உடனே உன் நினைவு வந்தது. காலடிப்பேட்டை மாடியில் நான் விட்டுவந்த செடிப்பைகள் சும்மாதானே கிடக்கின்றன?

விதை வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். செம்மண், தேங்காய் நார்த்தூள், மட்கிய சாணம் மூன்றையும் கலந்து பையை நிரப்பு. விதையை ஓர் இரவு ஊறவைத்து, அரை விரல்கணு ஆழத்தில் போடு. மணலியில் கெமிக்கல் மூட்டை கட்டும் வேலை, அது முடிந்தால் சங்கச் செயலாளர் வேலை என்று ஐம்பத்து நாலு வயதிலும் ஓடிக்கொண்டே இருக்கிறாய். தினமும் கொஞ்ச நேரம் ஒரு செடிக்கு முன்னால் சும்மா நில்.

மலருக்கு என் அன்பு.

உன் அக்கா
யசோதரா


காலடிப்பேட்டை
6-10-2024

அன்புள்ள அக்கா,

ஜெய்பீம். உன் கடிதம் கிடைத்தது. எனக்கு ஒன்றும் இல்லை. மலருக்கு வலி அப்படியேதான். மாடிப்படி ஏறும்போது என்னைத் திட்டுவாள், இறங்கும்போது முட்டியைத் திட்டுவாள்.

நீ சொன்னபடியே மண் கலந்தேன். விதையைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. நொறுங்கின கார்க் துண்டு மாதிரி இருந்தது. கடைக்காரர் உன்னை ஏமாற்றிவிட்டாரோ என்று நினைத்தேன். ஊறவைத்துப் போட்டேன். இப்போது முளைத்துவிட்டது. சிவப்புத் தண்டு, குண்டூசி கனம். காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் ஒருதரம், சாயந்திரம் ஒருதரம் போய்ப் பார்க்கிறேன்.

கீழ்வீட்டில் குடியிருக்கும் இருதயம்மாளுக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு. காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வந்தவள் மாடிக்கே ஏறி வந்துவிட்டாள்.

"இன்னா நைனா, கத்திரிக்கா நட்டே, செத்துச்சு. தக்காளி நட்டே, அதுவும் செத்துச்சு. இப்ப ஊட்டிக் கிழங்கா? நம்ம போர் தண்ணி வாயில வெச்சா கரிக்குது. இதுல மீனு போட்டா கருவாடாவும். கிழங்கு எங்க ஆவப்போவுது?"

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உப்புத் தண்ணீருக்கு என்ன செய்வது? இன்னொரு சந்தேகம். நான் ஒரு குழிக்கு ஒரு விதைதான் போட்டேன். மூன்று முளை, சிலதில் நாலு முளை வந்திருக்கிறது. இது சரியா?

மதியை விசாரித்ததாகச் சொல்.

தம்பி
பகலவன்


கோத்தகிரி
14-10-2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மதிக்குச் சளி; கஷாயம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் இருவரும் பத்திரமாக இருங்கள்.

இருதயம்மாளிடம் சொல், பீட்ரூட்டுக்கு முன்னோர்களே கடற்கரைச் செடிகள்தான். கொஞ்சம் உப்பு அதற்குப் பழக்கம். வகுப்பில் வாய்ப்பாடு வராத பிள்ளை, விளையாட்டு மைதானத்தில் வெயிலே தெரியாமல் ஓடுவான் பார், அந்த மாதிரி. கத்திரிக்காய் தோற்ற இடத்தில் இது நிற்கும். மழைத்தண்ணீர் பிடித்து அவ்வப்போது ஊற்றினால் போதும். எண்ணூர் பக்கமிருந்து காற்று அடித்தால் இலையில் கரி படியும். அதை மட்டும் துடைத்துவிடு.

முளைகளைப் பற்றிக் கவலைப்படாதே. நாம் விதை என்று சொல்வது உண்மையில் ஒரு கொத்து. உள்ளே மூன்று நாலு விதை ஒட்டிக்கொண்டிருக்கும். அத்தனையும் முளைக்கும். ஆனால் அத்தனையையும் விடக் கூடாது. தெம்பாக இருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் நறுக்கிவிடு. பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும்.

ஏன் என்றால், நான் வேலை பார்த்த பள்ளியை நினைத்துப் பார். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்தால் ஒருவன் கூட நேராக எழுத முடியாது. கிழங்கும் அப்படித்தான். இடம் இல்லையென்றால் ஒன்றும் பருக்காது. தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்.

அன்புடன்
அக்கா


காலடிப்பேட்டை
4-11-2024

அன்புள்ள அக்கா,

மதிக்குச் சளி விட்டிருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் வழக்கம்போல இருக்கிறோம்.

நீ சொன்ன வேலையைச் செய்ய உட்கார்ந்தேன். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். எது தெம்பு, எது நோஞ்சான் என்று குனிந்து பார்த்தேன். பார்க்கும்போது ஒன்று தெம்பாகத் தெரிகிறது, தலையைச் சாய்த்தால் இன்னொன்று. அன்றைக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டேன். மறுநாளும் அப்படியே.

அக்கா, அந்த ஆறு பேர் பெஞ்ச் கதையில் நீ பாதியை விட்டுவிட்டாய். அந்த ஆறு பேரில் யாரை வீட்டுக்கு அனுப்பினாய்? தலைமையாசிரியரோடு மல்லுக்கு நின்று இன்னொரு பெஞ்ச் வாங்கினாய். அதைத் திருவொற்றியூர் ரயில்வே கேட்டிலிருந்து தலையில் தூக்கிவந்து போட்டவன் நான்.

அதனால் நானும் பெஞ்ச் தேடினேன். இருதயம்மாள் மீன் ஐஸ் வைக்கும் தெர்மாக்கோல் பெட்டிகள், உடைந்தது ஓட்டையானது எல்லாம் கொடுத்தாள். அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பி, கூடுதல் முளைகளை ஒவ்வொன்றாகக் கரண்டிக் காம்பால் எடுத்து மாற்றி நட்டேன். மாடி நிறைந்து, இப்போது படிக்கட்டிலும் பெட்டி. இன்னும் இரண்டு பைகளில் மிச்சம் இருக்கிறது. பெட்டி கிடைத்ததும் மாற்றிவிடுவேன்.

இரண்டு வாரமாகச் சாயந்திரத்தில் மீட்டிங் அதிகம். அதனால்தான் பதில் தாமதம்.

தம்பி
பகலவன்

அண்ணி, மலர்க்கொடி எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன் இதைச் சேர்க்கிறேன். அவருக்குத் தெரியாது.

"செடிக்கும் சங்கம் வெச்சிட்டியா?" என்று நான்தான் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. கம்பெனியில் மூட்டை கட்டப் புது மெஷின் வருகிறது. அவர் பிரிவில் பதினெட்டுப் பேர். அதில் ஏழு பேர் போக வேண்டுமாம். யார் என்பதைச் சங்கமே முடிவு செய்து சொல்லட்டும் என்று இவர் தலையில் கட்டிவிட்டார்கள். செயலாளர் பேரை மட்டும் சேர்க்கக் கூடாது என்று அவர்கள் கம்பெனியில் பழைய ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதனால் இவருக்கு வேலை போகாது. ஆனால் ஏழு பேரைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். நீங்கள் கவலைப்படுவீர்கள் என்றுதான் மறைக்கிறார்.


கோத்தகிரி
12-11-2024

அன்புத் தம்பிக்கு,

உங்கள் நலத்தையே இங்கே நினைத்துக்கொண்டிருக்கிறோம். மதி தேறிவிட்டாள். எனக்குக் காது தவிர எல்லாம் வேலை செய்கிறது.

பெஞ்ச் விஷயத்தில் என்னை மடக்கிவிட்டாய். ஒத்துக்கொள்கிறேன். கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிடு. இனி அதைப் பற்றி எழுத மாட்டேன்.

மாற்றி நடுவது என்று முடிவு செய்துவிட்டால் பொறுமையாகச் செய். பென்சிலால் ஆழமாகக் குழி போடு. முளைக்குக் கீழே நூல்மாதிரி ஒரு வால் இருக்கும். அது மடங்காமல் நேராக இறங்க வேண்டும். மடங்கினால் கிழங்கு இரண்டு காலாகப் பிரியும். வெயில் தாழ்ந்தபின் நடு. முதல் சில நாள் நிழல் கொடு. வேறு பள்ளியிலிருந்து மாற்றலாகி வந்த பிள்ளை முதல் வாரம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காரும். அப்புறம் நிமிரும். வாடுகிறதே என்று பயப்படாதே.

மீட்டிங் முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படு. பசியோடு எதையும் முடிவு செய்யாதே. செடியைச் சொல்கிறேன்.

நீ சிறுவயதிலிருந்தே இப்படித்தான். எனக்கு அது பிடிக்கும். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை போலிருக்கிறது.

அக்கா


காலடிப்பேட்டை
9-12-2024

அன்புள்ள அக்கா,

மழையில் தப்பித்தோம். தெருவில் முட்டியளவு தண்ணீர் நின்றது, வீட்டுக்குள் வரவில்லை. மலர் நலம். கரண்ட் வந்துவிட்டது.

மாடியில் மழைத்தண்ணீர் தேங்கிப் பெட்டிகள் மிதக்கும் நிலைக்கு வந்தபோது எனக்கு உதவ வந்தவன் யார் என்று சொன்னால் நம்ப மாட்டாய். ஜெயவேல். என்னோடு மூட்டைப் பிரிவில் இருப்பவன். வயது முப்பத்து மூன்று. ஏழு மணி ஷிஃப்டுக்கு ஏழே காலுக்கு வருவான். கேட்டால் பஸ்ஸைத் திட்டுவான். போன சங்கத் தேர்தலில் என்னை எதிர்த்து நின்று தோற்றவன். கேட்டுக்கு வெளியே என்னைத் திட்டாமல் அவனுக்கு டீ இறங்காது. மீட்டிங் எப்போது என்று சண்டை போடத்தான் வந்தான். நான் மழையில் பெட்டி தூக்குவதைப் பார்த்துச் சட்டையைக் கழற்றிவிட்டான்.

"இன்னா செக்ரட்டரி, அங்க ஆளுங்க இன்னா ஆவாங்கன்னு பேஜாரா கீது. நீ இங்க கீரைக்குக் குடை புடிச்சிக்கினு கீறே."

"கீரை இல்லடா, பீட்ரூட்டு."

"எதுவா வோணா இருக்கட்டும். தள்ளு, முதுவு புடிச்சிக்கப் போவுது. அப்புறம் அதுக்கும் கம்பெனிதான் காரணம்னு போர்டு எழுதுவே."

எல்லாப் பெட்டியையும் மழை படாமல் வீட்டுக்குள் படிக்கட்டுக்குக் கீழே அவன்தான் இறக்கினான். மலர் காபி கொடுத்தாள். குடித்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று மறுபடியும் என்னைத் திட்டிவிட்டுப் போனான்.

கம்பெனியில் ஏதோ பேச்சுவார்த்தை ஓடுகிறது. பெரிதாக ஒன்றும் இல்லை.

தம்பி
பகலவன்


கோத்தகிரி
5-1-2025

அன்பு மலருக்கு,

புத்தாண்டு வாழ்த்து. முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருந்தேனே, கிடைத்ததா? இங்கே பனி கொட்டுகிறது. நாங்கள் நலம்.

பகலவனுக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அவனுக்குக் கோபம் என்றால் எழுதுவான். சந்தோஷம் என்றாலும் எழுதுவான். எழுதவில்லை என்றால்தான் எனக்குப் பயம். உன்னிடம் கேட்கிறேன். மறைக்காமல் எழுது. பொங்கலுக்கு அவன் உட்கார்ந்து சாப்பிடுவானா?

அண்ணி
யசோதரா


காலடிப்பேட்டை
11-1-2025

அன்புள்ள அண்ணி,

வணக்கம். எண்ணெய் கிடைத்தது, தேய்க்கிறேன், பரவாயில்லை. உங்கள் இரண்டு கடிதமும் இங்கேதான் இருக்கின்றன. பல தடவை படித்தார். பதில் எழுத உட்காருவார், எழுந்து மாடிக்குப் போய்விடுவார்.

பாதிக் கிணறு தாண்டிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஏழு பேரையும் அனுப்ப முடியாது என்று சண்டை போட்டு, நாலு பேருக்குக் காட்டுப்பள்ளி குடோனில் அதே கம்பெனியின் வேலை வாங்கிக் கொடுத்துவிட்டார். ரிட்டையர் ஆக இருந்த இரண்டு பேர் தாங்களாகவே எழுதிக்கொடுத்துவிட்டார்கள். ஆறு ஆயிற்று. ஏழாவது ஆளுக்கு இடம் இல்லை. ஒரு பேர் சொல் என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

எல்லாரும் ஜெயவேல் பேரைத்தான் சொல்கிறார்கள். லேட்டாக வருகிறவன், லீவு போடுகிறவன், இவரையே திட்டுகிறவன். நான் கூடச் சொன்னேன் அண்ணி.

"அவனத்தான் எழுதேன். ஊரே சொல்லுது."

"ஊரு சொல்லுதுன்னுதான் யோசிக்கிறேன்."

"உன்ன வாய்க்கு வந்தபடி பேசினவன்."

"அதுக்குத்தான் மலரு எழுதக் கூடாது. என்னப் பேசினான்னு ஒருத்தன் வேலைய எடுத்தா, அப்புறம் எவன் வாயத் தொறப்பான்?"

அப்படியானால் வேறு யார் என்று கேட்டேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறிவிட்டார். இருதயம்மாள் மாடிக்குப் போய், "இன்னா நைனா, செடியோட மீட்டிங்கா? தீர்மானம் இன்னா ஆச்சு?" என்று கேட்டாளாம். அதற்கு மட்டும் சிரித்திருக்கிறார்.

பொங்கல் லீவு முடிந்த அன்றே அவர் பதில் சொல்ல வேண்டும். எனக்கு என்ன பயம் என்றால், இவர் குணம் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

மலர்க்கொடி


காலடிப்பேட்டை
2-2-2025

அன்புள்ள அக்கா,

ஜெய்பீம். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குத் திட்டுவாய். நாங்கள் இருவரும் நலம். மலர் உனக்கு எல்லாம் எழுதிவிட்டதாக நேற்றுத்தான் சொன்னாள். நவம்பரிலேயே உனக்குத் தெரியுமாம். தெரிந்தும் நீ செடியை மட்டும் எழுதினாயே, அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

முதலில் பீட்ரூட். செடி விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. கூடுதல் முளையை எடுக்காமல் விட்ட இரண்டு பையிலும் கிழங்கு எலிவால்தான். இலை மட்டும் காடு மாதிரி. பெட்டிக்கு மாற்றியதில் பாதி, கால்சட்டை போட்ட மாதிரி இரண்டாகப் பிரிந்துவிட்டது. இடம் மாறாமல் பையிலேயே தனியாக நின்றவைதான் நல்ல உருண்டை. அறுத்தால் உள்ளே வட்டம் வட்டமாக இருந்தது. மலர் இலையைப் பருப்புப் போட்டுக் கடைந்தாள், கிழங்கைத் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தாள். தெருவில் ஏழெட்டு வீட்டுக்குப் போனது. இருதயம்மாள் தின்றுவிட்டு, "உப்புத் தண்ணிக்கு இன்னா தித்திப்பு நைனா" என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்ததே போதும்.

இனி மற்றது.

பொங்கல் அன்று சாயந்திரம் மலரிடம் முதலில் சொன்னேன். எனக்கு இன்னும் நாலு வருடம்தான் சர்வீஸ். ஜெயவேலுக்கு இருபத்தைந்து. நான் போகிறேன் என்றேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின தட்டையே மறுபடியும் கழுவினாள். அப்புறம், "சரி. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து டிபன் கட்டற வேலை எனக்கு மிச்சம்" என்றாள். அவள் குரல் எனக்குத் தெரியாதா.

ஆனால் செயலாளர் பேரைச் சேர்க்கக் கூடாதே. லீவு முடிந்த அன்று காலை கேட்டுக்குப் பக்கத்தில் புங்கமரத்தடியில் கூட்டம் போட்டேன். செயலாளர் பதவியை விடுகிறேன், என் இடத்துக்கு ஜெயவேலை முன்மொழிகிறேன் என்றேன். ஒரே சத்தம். "வேலைக்கே லேட்டா வர்றவன், சங்கத்துக்கு எப்ப வருவான்?" என்று ஒருவர் கேட்டார். ஜெயவேலுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா நைனா, பத்துப் பேர் முன்னாடி கலாய்க்கிறியா?" என்றான்.

நான் சொன்னேன்: "என் மூஞ்சிக்கு நேரா எதுத்துப் பேசினவன் இங்க இவன் ஒருத்தன்தான். அது மேனேஜர் ரூம்ல தேவைப்படும்."

முதலில் ஒரே ஒரு கை எழுந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள்.

அவனுக்கு அப்போது புரியவில்லை அக்கா. பிற்பகல் மேனேஜர் அறையில் காகிதத்தை நீட்டி, ஏழாவது பேரை எழுதிச் செயலாளர் கையெழுத்துப் போடட்டும் என்றபோதுதான் புரிந்தது. என் பேரை எழுது என்றேன். பேனாவை மேசையில் போட்டுவிட்டான்.

"இதுக்குத்தான் என்னிய செக்ரட்டரி ஆக்கினியா? உன்ன என் கையாலயே வெளிய அனுப்பச் சொல்றே. இது கலீஜ் வேல நைனா. நான் செய்ய மாட்டேன்."

"எழுதலன்னா அவங்க எழுதுவாங்க. யாரை எழுதுவாங்கன்னு உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுதுடா. கஷ்டமானதுல கையெழுத்துப் போடறதுதான் இந்த வேலை."

டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். கடைசியில் எழுதினான். என் பேரை முழுசாக, ஒரு எழுத்தும் சிதையாமல் எழுதினான். பஸ் ஸ்டாப்புவரை கூடவே வந்தான். பஸ் வந்ததும் சொன்னான்:

"நான் உனக்கு ஓட்டுப் போட்டதில்ல, தெரியுமில்ல?"

"தெரியும்."

"இனிமேயும் போட மாட்டேன்."

"இனிமே நான் நிக்கவே மாட்டேன்டா."

போன வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி நாள். இரண்டு நாளாக வீட்டில்தான். காலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால் கால் தானாக எழுந்துகொள்கிறது. பழகிவிடும்.

நீ கவலைப்படாதே. மதிக்கு அன்பு.

தம்பி
பகலவன்


கோத்தகிரி
9-2-2025

என் அன்புத் தம்பி,

உன் கடிதத்தை நான் ஒருமுறை படித்தேன். மதி வேலை முடிந்து வந்ததும் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னேன். எனக்குப் பாதிதான் கேட்டது. அவள் பஸ் ஸ்டாப் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தாள்.

முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தினேன். நேர்மை, நியாயம் என்றெல்லாம் கரும்பலகையில் எழுதி, கீழே உதாரணம் என்று போட்டு, பாடப்புத்தகத்தில் இருப்பதை எழுதிப்போடுவேன். பிள்ளைகளும் மனப்பாடம் செய்து எழுதுவார்கள். இப்போது ஒரே ஒரு வகுப்பு கொடுத்தால் போதும் என்று இருக்கிறது. உதாரணம் என்று போட்டு, உன் பேரை எழுதிவிட்டு, சாக்பீஸை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

உன்னைப் பாராட்டி எழுத நினைத்ததெல்லாம் எழுதும்போது சின்னதாகிவிடுகிறது. அதனால் நேரில் வருகிறேன். ஒரு மாதம் இருப்பேன். காலை ஹாரன் அடிக்கும்போது உனக்குப் பேச்சுத் துணைக்கு யாராவது வேண்டும். மலரை அந்த நேரத்துக்கு எழுப்பாதே, அவள் தூங்கட்டும்.

வரும் ஞாயிறு ராத்திரி மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுகிறேன். திங்கட்கிழமை விடியற்காலை சென்ட்ரலுக்கு வந்துவிடு. பெட்டி கனமாக இருக்கும், ஜெயவேலையும் கூட்டிவா. அவனை எனக்குப் பார்க்க வேண்டும்.

அவனுக்கு ஏழு மணி ஷிஃப்ட் என்றால் வேண்டாம். வேலைக்குப் போகட்டும்.

உன் அக்கா
யசோதரா